ஒன்றரை இடத்து எடுப்பு

தட்டு விழுந்துவிடும்; பாட்டு வராது. முதல் எண்ணிக்கை போய், அடுத்ததும் பாதி கரைந்த பிறகு, இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் பாடகர் முதல் சொல்லை வைப்பார். ஒன்றரை இடம் தள்ளி எடுப்பு. தாளம் முந்தி நடக்க, பாட்டு பிந்தி வந்து சேரும் இந்த வகையை அனாகதம் என்கிறது நம் இசை மரபு. கேட்பவர்களுக்கு அது ஒரு சின்னத் திகைப்பு. பாடுகிறவருக்கு, உள்ளே தாளம் துளியும் அசையாமல் நிற்க வேண்டிய இடம்.

இதே ஒன்றரையை நான் வேறோர் இடத்திலும் சந்தித்தேன். விரல் நீளமுள்ள ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்கு, அதில் இல்லாத இரண்டாவது சீரியல் போர்ட்டை சி மொழியில் எழுதிச் சேர்க்க உட்கார்ந்தபோது. அன்றிலிருந்து அந்தச் சின்னப் புரோகிராமைப் பலமுறை எழுதியிருக்கிறேன். பிறர் எழுதியதைப் படித்திருக்கிறேன். நல்ல வெண்பாவைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுபோல, அதன் சில வரிகளிடம் இன்றும் போய் நிற்கிறேன். அந்த வரிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிப்பின் பெயர் ஏடிமெகா328பி. ஆர்டுயினோ யூனோ போர்டில் இருப்பது. 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ராம், 16 மெகாஹெர்ட்ஸ் ஓட்டம். அதற்குள் சீரியல் பேச்சுக்கென்றே அமைந்த மின்சுற்று ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று கணினியோடு பேசப் போய்விட்டது. ஜிபிஎஸ் கருவி ஒன்றையும் இணைக்க வேண்டும். அதுவும் சீரியலில்தான் பேசும். மீதமிருப்பவை சாதாரண பின்கள். ஒரு பின்னுக்கு என்ன தெரியும்? மின்னழுத்தத்தை மேலே வைக்கத் தெரியும், கீழே இறக்கத் தெரியும். வெளியிலிருந்து வருவது மேலா கீழா என்று பார்த்துச் சொல்லத் தெரியும். அவ்வளவுதான். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது, எப்போது பார்ப்பது என்பதை நாம் சொல்ல வேண்டும். ஆக, எழுதப்போவது முழுக்க முழுக்கக் காலத்தைப் பற்றிய புரோகிராம்.

சீரியல் கம்பியில் ஒரு எழுத்து போகும் விதம் மிக எளிது. பேச்சில்லாத நேரத்தில் கம்பி மேலே நிற்கும். எழுத்து வரப்போகிறது என்பதற்கு ஒரு பிட் நேரம் கீழே இறங்கும். அது ஸ்டார்ட் பிட். பிறகு எட்டுத் தகவல் பிட்டுகள், கடைசி இலக்கத்திலிருந்து முதல் இலக்கம் நோக்கி. முடிவில் ஒரு பிட் நேரம் மேலே. அது ஸ்டாப் பிட். மொத்தம் பத்து. நொடிக்கு 9600 பிட் என்று வைத்தால் ஒரு பிட்டின் ஆயுள் 104.17 மைக்ரோ நொடி. நொடிக்கு 960 எழுத்து போகும். மாத்திரை என்ற அளவை இலக்கணம் கண்ணிமைப்பில் வைத்தது. ஓர் இமைப்புக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்தாலும், அதற்குள் இந்தக் கம்பியில் 96 எழுத்துகள் கடந்துவிடும்.

சும்மா இருக்கும்போது கம்பி ஏன் மேலே நிற்கிறது? இது தந்திக் காலத்திலிருந்து வந்த வழக்கம். சும்மா இருக்கும் கம்பியில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால்தான், எங்கோ கம்பி அறுந்தவுடன் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும். ஓட்டம் நின்றால் பேச்சு நின்றது என்று பொருளல்ல, பாதையே போயிற்று என்று பொருள். பிட் வேகத்தைச் சொல்லும் ‘பாட்’ என்ற அலகும் எமில் போதோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயர்தான். என் மேசைமேல் அரை சாண் நீளமுள்ள இந்தக் கம்பி, தந்திக் கம்பங்களின் பழக்கத்தை இன்னும் விடவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்த ஏற்பாட்டில் ஒன்று இல்லை. தாளம் போட தனிக் கம்பி கிடையாது. பேசுகிறவரும் கேட்கிறவரும் தத்தம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ‘9600’ என்ற ஒரு வாக்கை மட்டும் நம்பி இரண்டு முனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பி கீழே இறங்கும் அந்த ஒரு கணம்தான் இருவருக்கும் பொதுவானது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மனக்கணக்கு.

இங்கேதான் ஒன்றரை வருகிறது. கம்பி இறங்கிய கணத்திலிருந்து ஒரு பிட் நேரம் காத்தால், முதல் தகவல் பிட்டின் வாசலில் நிற்போம். வாசலில் பார்ப்பது ஆபத்து. ஏற்ற இறக்கம் நிகழ்ந்துகொண்டிருக்கும் இடம் அது. நம் கடிகாரம் மயிரிழை முந்தியிருந்தால்கூட முந்தைய பிட்டைப் படித்துவிடுவோம். அரை பிட் கூடுதலாகக் காத்தால், பிட்டின் நட்ட நடுவில் நிற்போம். முன்னும் பின்னும் சமமாக இடம் கிடைக்கும். எனவே ஒன்றரை பிட், அதாவது 156.25 மைக்ரோ நொடி. அங்கிருந்து ஒவ்வொரு பிட் நேரமாக எட்டு முறை அடியெடுத்து வைத்தால், எட்டு நடுவிலும் விழுவோம். ஒரே ஒரு முறை அரையைச் சேர்த்துக்கொண்டது கடைசி வரை காப்பாற்றுகிறது.

எவ்வளவு தூரம் காப்பாற்றும்? ஸ்டாப் பிட்டின் நடு, தொடக்க இறக்கத்திலிருந்து ஒன்பதரை பிட் தொலைவில் இருக்கிறது. அங்கே போவதற்குள் நம் கடிகாரம் அரை பிட் விலகினால் தவறு. ஒன்பதரையில் அரை என்பது நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல். இதை இரு முனைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் ஆளுக்கு இரண்டு விழுக்காட்டுக்குள் இருப்பது நலம். இந்தச் சிப்பினுள்ளேயே இருக்கும் ஆசிலேட்டர், தொழிற்சாலையிலிருந்து வரும் நிலையில் பத்து விழுக்காடு வரை விலகலாம் என்று அதன் தரவேடு சொல்கிறது. அதை நம்பிச் சீரியல் எழுதியவர்களுக்குக் குப்பை எழுத்துகள் வந்த கதை இதனால்தான். வெளியே கிரிஸ்டல் வைத்தால் அந்தக் கவலை ஓடிவிடும். இந்த அமைப்பில் நான் மிகவும் ரசிப்பது, பிழை சேர்ந்துகொண்டே போகாது என்பதை. பத்தாவது பிட் முடிந்ததும் பழைய கணக்கு மறக்கப்படுகிறது. அடுத்த எழுத்து கீழே இறங்கும்போது புதிய தட்டு, புதிய எடுப்பு. ஆயிரம் பக்கம் அனுப்பினாலும் எந்தப் பிழையின் வயதும் ஒன்பதரை பிட்டைத் தாண்டாது.

நல்ல கைகள் இந்த ஒன்றரையிலும் கொஞ்சம் செதுக்குவார்கள். கம்பி இறங்கியதைக் கண்டு, செய்துகொண்டிருந்த வேலையை விட்டு, இன்டரப்ட் என்ற அவசர அழைப்புக்குள் சிப் நுழைவதற்கே சில கடிகாரச் சுற்றுகள் ஆகும். அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் காத்திருக்க வேண்டும். அரை பிட் ஆனதும் ஒருமுறை எட்டிப் பார்த்து, கம்பி இன்னும் கீழேதானா என்று உறுதி செய்வதும் உண்டு. மேலே போயிருந்தால் அது எழுத்தல்ல, எங்கோ மோட்டார் ஓடிய சலசலப்பு.

அனுப்பும் பக்கத்தில் என்னைக் கட்டிப்போட்டது ஒரே ஒரு வரி. எழுத்தை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்தி, பத்தாவது இடத்தில் ஒரு 1 வை. இவ்வளவுதான் அந்த வரி. பெரிய ‘ஏ’ என்ற ரோம எழுத்தை எடுத்துக்கொள்வோம். இரும எண்ணில் 01000001. இடப்பக்கம் ஓரிடம் நகர்த்தியதும் வலக்கோடியில் ஒரு 0 தானாக வந்து உட்காருகிறது. அதுதான் ஸ்டார்ட் பிட். அதைத் தனியாக யாரும் எழுதவில்லை. நகர்ந்த இடம் காலியானதால் பிறந்தது. இடக்கோடியில் நாம் வைத்த 1 ஸ்டாப் பிட். ஆக 1010000010 என்ற பத்து இலக்கம். இனி ஒவ்வொரு பிட் நேரத்துக்கும் வலக்கோடி இலக்கத்தைப் பின்னில் வைத்து, முழு எண்ணையும் ஓரிடம் வலப்பக்கம் நகர்த்து. ஸ்டார்ட், எட்டுத் தகவல், ஸ்டாப் எல்லாம் வேறுபாடில்லாமல் ஒரே வரிசையாக வெளியேறும். ஸ்டார்ட் பிட்டுக்கு ஒரு நிபந்தனை, தகவலுக்கு ஒரு சுற்று, ஸ்டாப்புக்கு இன்னொரு நிபந்தனை என்று பிரித்து எழுதப்பட்ட புரோகிராம்களைப் பார்த்தபின் இதைப் பார்த்தால், முடிச்சுகள் இல்லாத நூல் விரலில் ஓடுவதுபோல இருக்கும்.

இன்னும் இருக்கிறது. எத்தனை பிட் போயிற்று என்று எப்படி எண்ணுவது? எண்ணவே வேண்டாம். இடக்கோடியில் இருக்கும் அந்த 1, எண்ணிலுள்ள உயர்ந்த 1. அது வெளியேறும்வரை எண் சுழியமாகாது. வெளியேறிய கணமே சுழியமாகிவிடும். எனவே ‘எண் 0 ஆயிற்றா?’ என்ற ஒரு கேள்வியே போதும், எழுத்து முடிந்தது தெரிந்துவிடும். ஸ்டாப் பிட் கம்பியில் போய்த் தன் வேலையைச் செய்கிறது. போகும் வழியில் புரோகிராமுக்கும் முடிவைச் சொல்லிவிட்டுப் போகிறது. ஒரு சொல்லை இரு பொருளில் நிற்கவைக்கும் சிலேடையை நாம் பாட்டில் கொண்டாடுகிறோம். இங்கே ஒரு பிட் அப்படி நிற்கிறது, ஒரு பொருளும் மற்றதைக் கெடுக்காமல்.

வாங்கும் பக்கத்தில் இதன் கண்ணாடிப் பிம்பம் உண்டு. எட்டு இடமுள்ள காலிப் பெட்டியில் முதலில் 10000000 என்று வைத்துக்கொள்வது. ஒவ்வொரு பிட் வரும்போதும் ஓரிடம் வலப்பக்கம் நகர்த்தி, வந்ததை இடக்கோடியில் சேர்ப்பது. வைத்த அந்த 1, வரும் பிட்டுகள் தள்ளத் தள்ள நகர்ந்து, எட்டாவது பிட் வந்தமரும் அதே நகர்வில் வலக்கோடியிலிருந்து கீழே விழும். விழுந்தது என்றால் பெட்டி நிரம்பியது. எழுத்து வரும்வரை இடத்தைக் காத்து, வந்ததும் விட்டுக்கொடுத்துப் போய்விடும் அந்த 1 முடிவில் பெட்டிக்குள் இருப்பதே இல்லை. இதை முதலில் புரிந்துகொண்ட அன்று காகிதத்தில் எட்டு வரி எழுதி எழுதிப் பார்த்தேன்.

இனி காலத்தை எண்ணும் வேலை. எளிய வழி, வெறுமனே சுற்றிச் சுற்றிப் பொழுது போக்குவது. ஒரு பிட் நேரம் என்பது இந்தச் சிப்புக்கு ஏறக்குறைய 1667 சுற்று. அவ்வளவு சுற்றும் ஒன்றும் செய்யாமல் ஓடவிட்டு, பின்னை மாற்றி, மறுபடி ஓடவிடுவது. மிகல் ஹார்ட் எழுதி, 2011இல் வந்த ஆர்டுயினோ 1.0இல் சாஃப்ட்வேர்சீரியல் என்ற பெயரில் இடம்பெற்ற நூலகம் இந்த வழியில் போவதுதான். நடுவில் யாரும் குறுக்கிட்டால் பிட்டின் நீளம் மாறிவிடும் என்பதால், எழுத்தை அனுப்பும்போது அது இன்டரப்டுகளையெல்லாம் அடைத்துவிடுகிறது. இது முரட்டுத்தனம் என்று நானும் நினைத்திருந்தேன். வரிவரியாகப் படித்தபோதுதான் ஓரிடம் கண்ணில் பட்டது. ஸ்டார்ட் பிட்டும் எட்டுத் தகவல் பிட்டும் போனதும், கம்பியை மேலே ஏற்றிய உடனேயே கதவைத் திறந்துவிடுகிறது. ஸ்டாப் பிட்டின் காத்திருப்பு திறந்த கதவோடுதான் நடக்கிறது. கம்பி மேலே நின்றால் போதும், எவ்வளவு நேரம் கூடினாலும் தவறில்லை என்பதால் அங்கே காவல் தேவையில்லை.

இதனால் மிச்சமாகும் ஒரு பிட் நேரம் என்ன செய்கிறது பாருங்கள். ஆர்டுயினோவில் மில்லி நொடிக் கணக்கை நடத்தும் டைமர் 1024 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை இன்டரப்ட் எழுப்பும். கதவு அடைத்திருக்கும்போது ஒருமுறை எழுந்தால் அது வாசலில் காத்திருக்கும். அடைபட்ட நிலையிலேயே இரண்டாம் முறையும் எழுந்தால் ஒன்று தொலைந்துபோகும், கடிகாரம் பின்தங்கும். 9600 வேகத்தில் பத்து பிட் என்றால் 1041.7 மைக்ரோ நொடி, 1024ஐத் தாண்டிவிடுகிறது. ஒன்பது பிட் என்றால் 937.5; உள்ளே அடங்கிவிடுகிறது. கதவைத் திறக்கும் வரி ஓரிடம் மேலே இருப்பதால் கடிகாரம் பிழைக்கிறது. 4800க்கு இறங்கினால் இந்தக் கணக்கு நிற்காது என்பதும் உண்மை. ஆனாலும் அந்த வரியின் இருப்பிடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இன்னும் நயமான வழி, சிப்பினுள் ஓடிக்கொண்டிருக்கும் 16 பிட் டைமரிடம் காலத்தை ஒப்படைத்துவிடுவது. 16 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து ஓடவிட்டால், அரை மைக்ரோ நொடிக்கு ஒன்று என எண்ணிக்கொண்டே போகும். ‘இந்த எண் வந்ததும் எழுப்பு’ என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். எழுந்ததும் அடுத்த பிட்டுக்கான நேரத்தை எழுத வேண்டும். இங்கே இரண்டு விதமாக எழுதலாம். ‘இப்போதைய நேரத்தோடு 208 கூட்டு’ என்பது ஒன்று. ‘முன்பு குறித்த நேரத்தோடு 208 கூட்டு’ என்பது மற்றது. படிக்க ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதில், நாம் எழுந்து வரத் தாமதித்த ஒவ்வொரு துளியும் அடுத்த பிட்டில் ஏறும், அதற்கடுத்ததிலும் ஏறும். இரண்டாவதில் தாமதம் அந்த முறையோடு போயிற்று. அடுத்த பிட் தன் இடத்தில் இருக்கிறது. தாளம் தவறிய மாணவர், தவறிய இடத்திலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கினால் கச்சேரி முழுக்கத் தவறியே போகும். குருவின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொண்டால் அடுத்த தட்டிலேயே சரியாகிவிடும். சி மொழியில் இந்த வேறுபாடு, கூட்டிச் சேர்க்கும் குறி ஒன்றை எங்கே போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

டைமர் 65535ஐத் தொட்டதும் சுழியத்துக்குத் திரும்பும். குறித்த நேரம் அந்த எல்லையைத் தாண்டினால்? குறியில்லாத 16 பிட் எண்ணில் கூட்டலும் அதே எல்லையில் அதேபோலத் திரும்புகிறது. கடிகார முள் பன்னிரண்டைத் தாண்டுவதற்கு யாரும் தனி ஏற்பாடு செய்வதில்லையே, அப்படி.

208 என்பது முழு உண்மையல்ல. இருபது லட்சத்தை 9600ஆல் வகுத்தால் 208⅓. எனவே சிலர் 208, 208, 209 என்று மாற்றி மாற்றிக் கூட்டுவார்கள். மூன்று பிட்டுக்கு 625, மிச்சம் இல்லை. நாள்காட்டி தன் கால்நாளை நான்காம் ஆண்டில் தீர்ப்பதுபோல. உண்மையைச் சொன்னால் இந்த வேகத்தில் இது தேவையில்லை. விட்டுவிட்டாலும் ஒன்பதரை பிட்டுக்குள் விலகுவது 1.6 மைக்ரோ நொடி; நமக்கு இருக்கும் இடமோ 52. ஆனாலும் நான் எழுதும்போது 209ஐ விட மனம் வருவதில்லை. நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் 8051 பழகியவர்களுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் நினைவிருக்கும். இதென்ன வினோத எண் என்று தோன்றும். 12ஆல், பிறகு 32ஆல், பிறகு 3ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 9600. அங்கே கிரிஸ்டலைத் தேர்ந்தவர் பின்னத்தை முன்கூட்டியே தீர்த்துவிட்டார். 16 என்ற உருண்டை எண்ணை வைத்துக்கொண்ட நாம் மூன்றில் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. டீன்சி போர்டுகளை உருவாக்கிய பால் ஸ்டாஃப்ரெகன் எழுதிய ஆல்ட்சாஃப்ட்சீரியல் நூலகத்தில் அதைப் பார்த்தேன். குறித்த எண் வந்ததும் நம்மை எழுப்புவதோடு, ஒரு பின்னை ஏற்றவோ இறக்கவோ செய்யும் வசதியும் அந்த டைமரிடம் இருக்கிறது. எனவே புரோகிராம் பின்னைத் தொடவே வேண்டாம். ‘அடுத்த நேரம் வரும்போது இறக்கு’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். அந்த நேரம் வந்ததும் வன்பொருள் தானே இறக்கிவிடும். சிப் அப்போது வேறெங்கோ ஓர் இன்டரப்டில் மூழ்கியிருந்தாலும் பிட் சரியான கணத்தில் மாறியிருக்கும். புரோகிராம் எழுந்து வரும்போது மாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. அது செய்வது அடுத்ததைச் சொல்லிவைப்பது மட்டுமே. மிருதங்கக்காரர் தீர்மானம் வைக்கும்போது கை அடித்துக்கொண்டிருக்கும். மனம் ஓர் ஆவர்த்தனம் முன்னால் போய் நின்றுகொண்டிருக்கும். ஒரே மாதிரி பிட்டுகள் தொடர்ந்து வந்தால் அவற்றைத் தாவிப் போய், அடுத்து எங்கே மாற்றமோ அந்த நேரத்தை மட்டும் குறிக்கிறது இந்த நூலகம்.

வாங்கும் பக்கத்திலும் அதே மனம். பிட்டின் நடுவில் போய் நின்று பார்ப்பதை இது கைவிட்டுவிட்டது. ஒன்றரை இடமே இங்கே இல்லை. கம்பியில் ஏற்றமோ இறக்கமோ நிகழ்ந்த கணத்தில் டைமரின் எண்ணைப் பிடித்து ஒரு பதிவேட்டில் வைத்துவிடும் வன்பொருள் அந்தச் சிப்பில் உண்டு. புரோகிராம் நிதானமாக வந்து, முந்தைய மாற்றத்துக்கும் இதற்கும் இடையே எத்தனை பிட் நேரம் போயிருக்கிறது என்று கணக்கிட்டு, அத்தனை பிட்டையும் ஒரே மூச்சில் நிரப்பிக்கொள்கிறது. தாமதமாக வந்தாலும் எழுதிவைத்த நேரம் மாறாது. ஆனால் ஒரு சிக்கல். எட்டு பிட்டும் 1 ஆக இருக்கும் ஓர் எழுத்தை நினையுங்கள். கம்பி ஒருமுறை இறங்கும், ஒருமுறை ஏறும், பிறகு அசையாது. மாற்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எழுத்து முடிந்தது எப்படித் தெரியும்? அதற்காக, எழுத்து தொடங்கிய கணமே டைமரில் இன்னொரு நேரத்தையும் குறித்துவைக்கிறது: ஒன்பது பிட் கடந்து, பத்தாவது முடியுமுன். அதுவரை ஒன்றும் வராவிட்டால் மீதியெல்லாம் 1 என்று எழுதி எழுத்தை மூடுகிறது. மௌனத்துக்கும் நீளம் அளந்து பொருள் சொல்கிறது.

இதற்கு விலை உண்டு. அந்த 16 பிட் டைமர் முழுக்க இதற்கே போய்விடும். யூனோவில் வாங்க 8ஆம் பின், அனுப்ப 9ஆம் பின் என்று இடமும் கட்டப்பட்டுவிடும். சர்வோ மோட்டார் நூலகத்துக்கும் அதே டைமர்தான் வேண்டும். வேகத்துக்கும் எல்லை உண்டு. 115200இல் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 139 சுற்றுகூட இல்லை. அந்த வேகத்தை உண்மையான போர்ட்டுக்கே விட்டுவிட வேண்டும்.

வந்த எழுத்துகளை வைக்கும் வட்டப் பஃபர் பற்றி ஒன்று மட்டும். 64 இடம், எழுதுகிறவருக்கு ஒரு சுட்டு, படிக்கிறவருக்கு ஒரு சுட்டு. இன்டரப்ட் தன் சுட்டை மட்டுமே நகர்த்தும், முதன்மைப் புரோகிராம் தன் சுட்டை மட்டுமே. அடுத்தவருடையதைப் பார்க்கலாம், தொடக்கூடாது. இந்த ஒரு ஒழுக்கத்தால் பூட்டு எதுவும் தேவைப்படுவதில்லை. சுட்டு ஒரு பைட்டுக்குள் அடங்குவதால் 8 பிட் சிப் அதை ஒரே கடியில் படித்துவிடும், பாதி மாறிய எண் கையில் வராது. ஜிபிஎஸ் வாக்கியம் ஒன்று 82 எழுத்துவரை நீளலாம். 64 இடம் நிரம்ப 67 மில்லி நொடி போதும். என் புரோகிராம் திரையில் எழுத அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. வாக்கியங்கள் வால் அறுந்து வந்தன. இரண்டு நாள் பிட் நேரங்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பிட்டுகள் ஒவ்வொன்றும் சரியாகத்தான் வந்திருந்தன. வைக்க இடமில்லாமல் போயிருந்தது.

அது சரியான இரவில், ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, அனுப்பும் பின்னில் ஆசிலோஸ்கோப்பின் முனையை மாட்டி, தமிழில் ஓர் எழுத்தை அனுப்பிப் பார்த்தேன். யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட்: 11100000, 10101110, 10000101. முப்பது பிட், 3.125 மில்லி நொடி. முதல் பைட்டின் கடைசி ஐந்து இலக்கமும் சுழியம். அவைதான் முதலில் வெளியேறும். ஸ்டார்ட் பிட்டோடு சேர்ந்து ஆறு பிட் நேரம் கம்பி கீழேயே கிடந்தது, சரியாக 625 மைக்ரோ நொடி. தமிழின் ஒவ்வொரு குறியீடும் இதே முதல் பைட்டில்தான் தொடங்குகிறது என்பதால், தமிழ் ஓடும் கம்பியில் முப்பது பிட்டுக்கு ஒருமுறை இந்த அகலப் பள்ளம் வரும். முப்பது பிட்டில் மாற்றங்கள் பதினான்கே. தாவிப்போகும் நூலகத்துக்கு அந்தப் பள்ளம் ஒரே எட்டு.

இன்னொன்றும் தெரிந்தது. ஆங்கில எழுத்துகளின் எட்டாவது பிட் எப்போதும் 0. எனவே ஸ்டாப் பிட்டில் ஓர் ஏற்றம் நிச்சயம் உண்டு, முடிவு கண்ணுக்குத் தெரியும். தமிழின் பைட்டுகள் எல்லாவற்றிலும் எட்டாவது பிட் 1. அது ஸ்டாப் பிட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும். முடிவைக் காட்ட அசைவு இருக்காது. ஆக, மௌனத்தை அளக்கும் அந்த ஏற்பாடு தமிழின் ஒவ்வொரு பைட்டிலும் தேவைப்படுகிறது.

பிறகு ‘தமிழ்’ என்று அனுப்பினேன். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு; 150 பிட்; 15.625 மில்லி நொடி. திரையில் ஐந்து பள்ளங்கள் சம இடைவெளியில் நின்றன. இரண்டாவது பள்ளத்தை அடுத்து ஒரே வடிவம் இரண்டு முறை வந்தது. மகரத்தின் இரண்டாம் பைட்டும் மூன்றாம் பைட்டும் ஒன்றே, 10101110. ஐந்தாவது பள்ளத்துக்குப் பின்னால் வந்த இறக்கம் மட்டும் மற்ற நான்கைவிட ஒரு பிட் குறுகியிருந்தது. புள்ளியின் இரண்டாம் பைட் 10101111. ழகரத்தின் மேல் வைத்த புள்ளி, கம்பியில் 104 மைக்ரோ நொடி முன்னதாக எழும்பிய ஒரு கோடாகத் தெரிந்தது.